அடுக்களையில் ஒளித்த ஏடு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, வேறு எவரையேனும் அழையுங்கள் என்று தட்டிக் கழிக்கவே பார்த்தேன். அவர் விடவில்லை. ஆகவே உங்கள் பொறுமையை நம்பி வந்து நிற்கின்றேன்.

வங்க மண்ணில் வாழும் நாம், வங்காளத்துப் பெரியோர்கள் என்றவுடன் தாகூரையும் விவேகானந்தரையும் நேதாஜியையும் நினைக்கின்றோம். நினைக்கவேண்டியதே. ஆனால் இன்று நான் சொல்லப்போவது மேடை ஏறாத, ஊர்வலம் போகாத, வாழ்நாளில் பெரும்பகுதியை அடுப்பங்கரையிலேயே கழித்த ஓர் அம்மையாரைப் பற்றி. அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தார். ‘ஆமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’ என்பது அந்நூலின் பெயர். வங்க மொழியில் எழுந்த முதல் தன்வரலாற்று நூல் என்று அதனைப் போற்றுகின்றனர்.

என் பிரிவில் பணிபுரியும் வங்காள நண்பர் ஒருவர் அந்த நூலை எனக்குக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த வங்காளம் கடைத்தெருவில் கற்றது. ஆகவே எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒரு பக்கம் படிக்க ஓர் இரவு ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு ஏற்ற நூல்தான் அது என்பது பின்னர்தான் விளங்கியது.

ராஸசுந்தரி பிறந்தது 1810-ஐ ஒட்டிய காலம். ஊர் பாப்னா மாவட்டத்துப் போதாஜியா. இன்று அது வங்கதேசத்தில் இருக்கின்றது. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவர். மிகவும் அஞ்சிய சுபாவம் உடையவர். பிள்ளை பிடிப்பவன் வருவான் என்று எவரோ சொன்னதைக் கேட்டு நடுங்கிய குழந்தை. உடன் விளையாடும் சிறுமிகள் அடித்தாலும் வாய்விட்டு அழமாட்டார்; வீட்டில் வந்து சொல்லவும் மாட்டார். பயம் வந்தால் நம் வீட்டுக் கோயிலில் இருக்கும் தயாமாதவனைக் கூப்பிடு என்று அவருடைய தாயார் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லே அவருக்கு வாழ்நாள் முழுதும் துணையாயிற்று.

அவர்கள் வீட்டின் வெளிக்கட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடந்தது. பெண் குழந்தைக்குப் படிப்பு என்ற எண்ணமே எவருக்கும் இல்லை. ஆயினும் வம்புக்குப் போகாத குழந்தை என்பதால், பள்ளியின் ஓரத்தில் அவரை உட்கார வைத்தனர். பிள்ளைகள் தரையில் எழுத்தை எழுதி உரக்கச் சொல்வர். இவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சில எழுத்துக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டன. இது எவருக்கும் தெரியாது. பின்னர் வீடு தீக்கிரையாயிற்று, பள்ளியும் நின்றது. ஒட்டிக்கொண்ட எழுத்துக்கள் மட்டும் நின்றன.

பன்னிரண்டாம் வயதில் திருமணம். படகிலே ஏற்றித் தாயிடமிருந்து பிரித்து, ராம்தியா என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். அவ்வூரும் இன்று வங்கதேசத்தில்தான் இருக்கின்றது. புகுந்த வீடு கொடிய வீடு அன்று. இதனை நீங்கள் மனத்தில் வைக்கவேண்டும். மாமியார் அன்போடு நடத்தினார். கணவர் நிலபுலம் உடையவர்; ஊரார் மதிப்பைப் பெற்றவர்; கடுஞ்சொல் சொன்னதாக அம்மையார் எழுதவில்லை. ஆனால் அவரைப் பற்றி மிகுதியாகவும் எழுதவில்லை. இத்தனை பெரிய வரலாற்றில் கணவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. குறை சொல்ல ஒன்றும் இல்லை; நெருங்கிச் சொல்லவும் ஒன்றும் இல்லை. அமைதியான இல்லறம் என்று ஊர் சொல்லியிருக்கும்.

அந்த அமைதி எத்தகையது என்பதற்கு அவரே சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கணவர் ஏறிச் செல்லும் குதிரை ஒன்று இருந்தது, பெயர் ஜயஹரி. ஒருநாள் முற்றத்தில் குவித்திருந்த நெல்லை அக்குதிரை வந்து தின்னத் தொடங்கியது. விரட்டவேண்டிய அம்மையார் அறைக்குள் ஒளிந்துகொண்டார். குதிரை கடிக்கும் என்று அஞ்சி அன்று. அது கணவருடைய குதிரை அல்லவா? அதன் முன் முகத்தைக் காட்டலாமா என்ற நாணம்! (சிரிப்பு.) நீங்கள் சிரிக்கின்றீர்கள். அவரும் பிற்காலத்தில் தம்மை எண்ணித் தாமே நாணியிருக்கின்றார். ஆனால் கணவரின் குதிரைக்கு முன்னும் வரத் தயங்கிய பெண், கணவரிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருப்பாரா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மாமியாருக்குக் கண்பார்வை குன்றியது. வீட்டுப் பொறுப்பு முழுதும் இவர் தலையில் விழுந்தது. வேலையாட்கள் இருந்தனர், ஆனால் அவர்கள் வெளிவேலைக்கு உரியவர்கள். இருபது, இருபத்தைந்து பேருக்கு இருவேளையும் சமைக்கவேண்டும். பதினெட்டாம் வயதில் தொடங்கிப் பன்னிரண்டு மக்களைப் பெற்றார். அவர்களுள் பலரைத் தாமே பறிகொடுத்தார். ஒருமுறை, தாம் உண்ண அமர்ந்த நேரத்தில் விருந்தினர் வந்தனர். தம் பங்கைக் கொடுத்துவிட்டார். இரவில் குழந்தை அழுதது. மீண்டும் உண்ண முடியவில்லை. மறுநாளும் ஏதோ ஒன்று குறுக்கிட்டது. இப்படியே இரண்டு நாள் பட்டினி. வீடு நிறையச் சோறு இருந்தது, வடித்தவரும் இவர்தாம். அவர் உண்ணவில்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவரும் இல்லை, சொல்லியவரும் இல்லை.

இத்தகைய வாழ்விலே அவருக்கு இரண்டு ஏக்கங்கள் இருந்தன. ஒன்று நிறைவேறியது, மற்றொன்று நிறைவேறவில்லை.

முதலாவது, படிக்கவேண்டும் என்ற ஏக்கம். படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்ற நம்பிக்கை அக்காலத்து வங்காளத்தில் வேரூன்றியிருந்தது. ஒரு பெண் தாளைக் கையில் எடுத்தாலே மூத்தோர் சினந்தனர். ஆகவே இவர் தம் விருப்பத்தை எவரிடமும் வெளியிடவில்லை. இருபத்தைந்து வயதைக் கடந்தபோது, தாம் சைதன்ய பாகவதம் படிப்பதாக ஒருநாள் கனவு கண்டார். மறுநாளே ஒரு வியப்பு. கணவர் அடுக்களைப் பக்கம் வந்து, எட்டு வயது மகன் பிபினிடம், சைதன்ய பாகவதத்தை இங்கே வைக்கின்றேன், கேட்கும்போது கொண்டு வா என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அக்காலத்துச் சுவடி அது. தனித்தனி ஏடுகளுக்கு மேலும் கீழும் மரப்பலகை. பலகையின் மேல் இருந்த சித்திரத்தை அடையாளம் வைத்துக்கொண்டார் அம்மையார். ஆள் இல்லாத நேரத்தில் ஓர் ஏட்டை மட்டும் உருவி அடுக்களையில் ஒளித்து வைத்தார்.

ஏடு கிடைத்தது, எழுத்துத் தெரியவேண்டுமே! மகன் எழுதிப் பழகும் பனையோலை ஒன்றையும் மறைத்து எடுத்துக்கொண்டார். அடுப்பில் உலை கொதிக்கும். வலக்கை சமைக்கும். இடக்கையில் ஏடு, முக்காட்டுக்குள்ளிருந்து கண் அதனை நோக்கும். ஏட்டில் உள்ள எழுத்தையும், ஓலையில் உள்ள எழுத்தையும், சிறுவயதில் பள்ளியோரத்தில் கேட்டு மனத்தில் வைத்திருந்த எழுத்தையும் மூன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். இப்படி நெடுங்காலம் முயன்று அந்நூலைப் படிக்கக் கற்றார். பின்னர், கைம்பெண்களாகித் திரும்பிவந்த நாத்தனார்மாருக்கு இது தெரிந்தபோது, திட்டுவார்கள் என்று அஞ்சினார். அவர்களோ, எங்களுக்கும் கற்றுக் கொடு என்று வந்து அமர்ந்தனர்! அந்த வீட்டில் ஏங்கியவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பது அன்றுதான் வெளியாயிற்று.

எழுதக் கற்றது அதற்கும் பிந்தி. வெளியூரில் படித்த மகன், நான் எழுதும் கடிதத்துக்கு நீங்கள் ஏன் மறுமொழி எழுதுவதில்லை என்று கேட்டு, தாளும் எழுதுகோலும் மையும் கொண்டுவந்து கொடுத்தான். மகன் கேட்டதனால் எழுதினார். அந்த எழுத்தே பின்னாளில் நூலாயிற்று. எண்பது வயதைக் கடந்த பின்னும் அதனை விரித்து எழுதினார். ரவீந்திரநாத தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர் அதற்கு முன்னுரை எழுதிச் சிறப்பித்தார்.

இது முதல் ஏக்கத்தின் வரலாறு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், முயற்சி திருவினையாக்கும் என்று வாழ்த்திவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டாவது ஏக்கம் ஒன்று இருக்கின்றது.

அது தாயைக் காணவேண்டும் என்ற ஏக்கம். திருமணத்துக்குப் பின் தாய்வீடு செல்வது அரிதாயிற்று. எப்போதேனும் அனுப்பினாலும் சில நாட்களில் திரும்பிவிட வேண்டும். பொறுப்பு முழுதும் தம்மேல் விழுந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. வீட்டு வேலை கெடும் என்பதுதான் காரணம். பகை ஒன்றும் இல்லை. தாய் நோயுற்றார். மகளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் செல்லவில்லை, செல்ல விடவில்லை. தாய் மறைந்தார். இந்த இடத்தில் மட்டும் அந்த அடங்கிய அம்மையாரின் எழுத்து அடங்கவில்லை. நான் ஏன் பெண்ணாய்ப் பிறந்தேன், மகனாய்ப் பிறந்திருந்தால் எங்கிருந்தாலும் பறந்து போயிருப்பேனே என்று கலங்கி எழுதுகின்றார். பல்லாண்டு கழிந்த பின் எழுதியும் அந்தப் புண் ஆறவில்லை.

இரண்டு ஏக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். படிப்பு ஒருவரும் அறியாமல் தானே திருடிக்கொள்ளக் கூடியது, திருடிக்கொண்டார். தாய்வீட்டுப் பயணம் பிறர் கொடுத்தால்தான் கிடைக்கும். கேட்க அவருக்கு வாய் இல்லை. கொடுக்கப் பிறருக்கு நினைவு இல்லை. நல்லவர்கள் நிறைந்த வீட்டிலேதான் இது நடந்தது.

அன்பர்களே, இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவியிடம் கேட்டு, அவள் இசைந்த பின்னரே சொல்கின்றேன்.

இந்த நூலை இரவு தோறும் எழுத்துக் கூட்டிப் படித்து, அன்றன்று படித்ததை என் மனைவிக்குத் தமிழில் சொல்லி வந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். குதிரைக் கதைக்குச் சிரித்தாள். தாய் மறைந்த பகுதியை நான் சொன்ன அன்று, பாதியிலேயே எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். நெடுநேரம் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், என் மாமியார் ஊரிலே படுத்த படுக்கையாக இருந்தார். பிப்ரவரி மாதத்திலேயே செய்தி வந்தது. நான் அப்போது அலுவலகத்தில் பாஸ் எழுதும் இருக்கையில் இருந்தேன். இப்பொழுது பாஸ் கணினி வழியாக வருகின்றது. அன்று கையால் எழுதுவோம். எத்தனையோ பேர் ஊருக்குப் போக என் கை எழுதிக் கொடுத்திருக்கின்றது. என் குடும்பத்துக்கும் பாஸ் எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்று, மேசை அறையில் வைத்திருந்தேன். ஆனால் எனக்கு மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பு. மூத்த மகனுக்கு ஆண்டுத் தேர்வு. மூன்றாம் வகுப்புத் தேர்வு! “தேர்வு முடிந்ததும் எல்லோருமாகப் போய்வரலாமே” என்றேன். “சரி” என்றாள்.

அந்தச் ‘சரி’யை நான் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, வழக்கம்போல் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். நானும் வழக்கம்போல் அலுவலகம் போனேன். தேர்வு முடிய நான்கு நாள் இருக்கையில் தொலைபேசியில் செய்தி வந்தது. அன்றே ஹௌராவில் சென்னை மெயிலில் ஏறினோம். ஒன்றரை நாள் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது, முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள்.

அன்று முதல் இன்று வரை அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததனால் மறந்துவிட்டாள் என்றே நான் எண்ணியிருந்தேன். என் மனைவி சிக்கனக்காரி, யோசித்துப் பேசுபவள், எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே இல்லை என்று நான் பலரிடம் பெருமை பேசியதுண்டு. சண்டை இல்லாமை வேறு, குறை இல்லாமை வேறு என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு வங்காளத்து அம்மையார் எனக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அடுக்களைக்குள் போய், “நான் செய்தது தவறு” என்றேன். அவள், “உங்களுக்கு வேலை இருந்தது” என்றாள். சிறிது பொறுத்து, “ஆனால் ஒருமுறை நீங்கள் கேட்டிருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான்.

திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் செய்திருக்கின்றார். எழுபத்தோராம் அதிகாரம் ஒன்று. நூற்றுப்பத்தாம் அதிகாரம் மற்றொன்று. முன்னது பொருட்பாலில் உள்ளது. சொல்லாமலே பிறர் உள்ளக் கருத்தை முகத்தால் அறியும் திறனைச் சொல்வது. அரசனை அடுத்திருக்கும் அமைச்சர்க்கு வேண்டியது. பின்னது காமத்துப்பாலில் உள்ளது. காதலியின் பார்வையால் அவள் உள்ளத்தை அறிவது. நம்மைப் போன்ற அலுவலர்கள் எழுபத்தோராம் அதிகாரத்தில் கைதேர்ந்தவர்கள். அதிகாரி காலையில் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசையிலேயே, இன்று விடுப்புக் கேட்கலாமா கூடாதா என்று கண்டுபிடித்துவிடுவோம்! நூற்றுப்பத்தாம் அதிகாரத்தைத் திருமணமான ஓராண்டோடு மூடி வைத்துவிடுகின்றோம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த வள்ளுவர், ஒரே கண்ணைத்தான் இரண்டு இடத்திலும் பயன்படுத்தச் சொல்கின்றார் என்று என் சிற்றறிவுக்குப் படுகின்றது.

இந்த வங்க மண்ணில் தமிழன் ஒருவனுக்கு இப்பாடம் கிடைப்பது புதிதன்று. 1906-இல் கல்கத்தா காங்கிரசுக்கு வந்த பாரதியார், நிவேதிதா தேவியைச் சந்தித்தார். உம் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று தேவியார் கேட்க, பெண்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துவரும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று பாரதியார் சொன்னதாகவும், அதற்குத் தேவியார் கடிந்துகொண்டதாகவும் சொல்வர். அந்தச் சந்திப்புக்குப் பின் அவரைத் தம் குருவாகவே கொண்டு, 1908-இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைத் தேவியார்க்கே உரிமையாக்கினார். அத்தகைய மகாகவிக்கே ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

நம் காலனியைப் பாருங்கள். நூற்றுக்கு மேற்பட்ட கல் தொலைவிலிருந்து அன்று. ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து திருமணமாகி வந்த பெண்கள் நம் வீடுகளில் இருக்கின்றனர். நமக்கு அலுவலகம் இருக்கின்றது, நண்பர் இருக்கின்றனர், பேசப் பழகிய மொழி இருக்கின்றது. அவர்களுக்கு? பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனை செல்பவர்கள் இன்றும் உண்டு. கைப்பேசியில் தாயின் குரலைக் கேட்கின்றார்கள், உண்மைதான். குரலைக் கேட்டுவிட்டால் முகத்தைக் காணவேண்டாம் என்று ஆகிவிடுமா?

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்களை வைக்கின்றேன். நம் நூலகம் ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை திறந்திருக்கின்றது. அந்த நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் எங்கே இருக்கின்றனர்? அடுப்பின் முன். நாம் சுவையாக உண்பதற்காகச் சமைக்கின்றனர். நாம் நூலகத்தில் நாளிதழ் புரட்டுகின்றோம். வார நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்தைத் திறக்க வேண்டும். திறவுகோல் ஒன்று மகளிரிடமே இருக்க வேண்டும். இரண்டாவது, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துவதுபோல், தாய்மார்களுக்கு வங்காள எழுத்து வகுப்பு ஒன்று நடத்த வேண்டும். ராஸசுந்தரி தேவி ஒளித்துக் கற்ற எழுத்தை, இவர்கள் வெளிச்சத்திலே கற்கட்டும்.

மூன்றாவது விண்ணப்பம் சங்கத்துக்கு அன்று. என் போன்ற கணவன்மார்களுக்கு. இன்றிரவு விழா முடிந்து வீட்டுக்குச் சென்றதும், “உனக்கு என்ன வேண்டும்?” என்று ஒருமுறை கேளுங்கள். “ஒன்றும் வேண்டாம்” என்றுதான் மறுமொழி வரும். அதனைப் பதிவு செய்து கோப்பை மூடிவிடாதீர்கள். நாளையும் கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள். எத்தனையோ ஆண்டு கேளாதிருந்தவர்களுக்கு முதல் நாளே விடை கிடைக்க வேண்டும் என்ற சட்டம் ஒன்றும் இல்லை.

வரும் மாதம் என் மனைவி தன் ஊருக்குத் தனியே போகின்றாள். அங்கே அவளுடைய தாய் இல்லை. தாயின் தங்கை இருக்கின்றார், எண்பது வயது. எத்தனை நாள் தங்குவாய் என்று நான் கேட்கவில்லை. திரும்பும் பாஸில் தேதியை அவளே குறித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரை சமையல் நான்தான். ஆகவே செயலாளர் அவர்கள் அந்த மாதம் என் வீட்டுக்கு விருந்துக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன். (சிரிப்பு.)

அன்றும் இன்றும் ‘சரி’ என்ற ஒரு சொல்லில் எத்தனையோ சொற்களை அடக்கி வைத்திருக்கும் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு நன்றி கூறி அமைகின்றேன்.

வணக்கம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!